அன்று கை நீட்டியது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். இப்போது வருகிற அனிமேஷன் படங்களில் பூதத்தையும் ராட்சசனையும் நல்லவர்களாகக் காட்டுகிறார்கள், முன்பின் தெரியாதவர்களோடு சிநேகம் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள், பெங்களூர் மாதிரி ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது ஆபத்து என்று. அதற்கு உதாரணமாக அவர் சொன்ன படம் ‘லூகா’. அந்தப் படத்தை என் 9 வயது மகளோடும் 74 வயது அம்மாவோடும் உட்கார்ந்து பார்த்தவள் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. நானும் பெண் பிள்ளை பெற்றவள்தான், ஸ்கூல் வேன் பத்து நிமிஷம் தாமதமானால் வயிற்றைக் கலக்கும். ஆனால் பயத்தைத் தப்பான ஆள் மேல் வைத்துவிட்டால் நம் பிள்ளைக்கும் அதனால் பாதுகாப்பு வருவதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்து போகிறவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வருஷா வருஷம் சொல்கிறது. அதனால் என் மகளிடம் நான் ‘தெரியாதவர்’ என்ற வார்த்தையையே விட்டுவிட்டேன். யாராக இருந்தாலும், நம் வீட்டு ஆளாகவே இருந்தாலும், தொடுவது பிடிக்கவில்லை என்றால் சத்தம் போடு, வந்து என்னிடம் சொல், என்னிடம் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணு என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் 2018 மே மாதத்தை நாம் மறந்துவிடக் கூடாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி, இதே பெங்களூரில், சாமராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிப் போன ஒரு குடும்பத்தில், 60 வயது தாண்டிய ஓர் அம்மா வழியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்து அவரையும் அடித்துக் கொன்றது. கை ஓங்கிய ஒவ்வொருவரும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். 2021 ஜூனில் வந்த பிக்ஸார் படம். இயக்குநர் என்ரிகோ கசரோசா இத்தாலியில் ஜெனோவா ஊர்க்காரர், சின்ன வயதில் தனக்கு இருந்த ஒரு சிநேகிதனை மனதில் வைத்து எடுத்தது. லூகாவும் ஆல்பர்ட்டோவும் கடலுக்குள் வாழ்கிற பையன்கள், உடம்பெல்லாம் செதில். கரைக்கு வந்து உடம்பு காய்ந்தால் மனுஷப் பையன்களாகிவிடுவார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பட்ட இடத்தில் செதில் திரும்ப வந்துவிடும். அவர்கள் போய்ச் சேர்கிற ஊரோ கடல் பூதத்தை ஈட்டியால் குத்திக் கொல்வதைப் பெருமையாகச் சிலை வைத்திருக்கிற மீனவர் ஊர். அங்கே ஜூலியா என்ற பெண்ணோடு சிநேகமாகி, அவள் வீட்டிலேயே சாப்பிட்டு, அவள் அப்பாவோடு மீன் பிடிக்கப் போய், எந்த நேரம் மழை வருமோ, யார் கை தவறித் தண்ணீர் கொட்டுவார்களோ என்று பயந்துகொண்டே வாழ்கிறார்கள். குழந்தைகளுக்கு இது விளையாட்டு, என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவில் ஒரு காட்சி. லூகா ஜூலியாவோடு பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான், ஆல்பர்ட்டோவுக்கு அது பொறுக்கவில்லை, நாம் யார் என்று இவளுக்குக் காட்டிவிடுகிறேன் பார் என்று கடலில் இறங்கித் தன் நிஜ உருவத்தைக் காட்டிவிடுகிறான். அப்போது லூகா, அவனும் அதே கடல் பையன்தான், தான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சிநேகிதனைக் கை நீட்டிக் காட்டிக் கடல் பூதம் என்று கத்துகிறான். ஆல்பர்ட்டோ அவனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே. என் மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள், “ஏம்மா, அவனும் அதுதானே? அப்புறம் ஏன் இவனைக் காட்டறான்?”

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பில் எதுவும் இல்லாத சமையலறையில் நின்றேன்.

1991-இல் எனக்கு 12 வயது. நாங்கள் மாகடி ரோடு பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம், அப்பாவுக்கு மில்லில் வேலை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு டிசம்பர் 11-ஆம் தேதி அரசிதழில் வெளியானது, மறுநாளே ஊர் பற்றிக்கொண்டது. படத்தில் தண்ணீர் பட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது அல்லவா, எங்களுக்கும் தண்ணீர்தான். அதுவரை மாமா, அக்கா, பக்கத்து வீட்டுப் பாப்பா என்று இருந்தவர்கள் ஒரே ராத்திரியில் ‘தமிழ் ஆட்கள்’ ஆகிவிட்டோம். அம்மா வாசல் கோலத்தைக் கையாலேயே தேய்த்து அழித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் தெருவில் கன்னடக்கார வீடுகளிலும் தினம் கோலம் உண்டு. அம்மாவுக்கு அன்று எதுவும் ஓடவில்லை.

எங்கள் வீட்டுக்கார அஜ்ஜி, அதாவது பாட்டி, கன்னடக்காரம்மா. ஒண்டிக்கட்டை, வாடகை ஒரு நாள் தாமதமானாலும் கதவைத் தட்டுகிறவர், தண்ணீர் பிடிக்கிற விஷயத்தில் அம்மாவுக்கும் அவருக்கும் தினமும் சண்டை. அன்று சாயங்காலம் அவரே வந்து “ஒளகடெ பன்னி”, உள்ளே வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, எங்கள் நாலு பேரையும் தன் வீட்டு உள் அறையில் உட்கார வைத்தார். தெருவில் ஆட்கள் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டபோது, வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்று, இவர்கள் “நம்ம மனெ மக்களு” என்றார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று அர்த்தம். உள்ளே அப்பா தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், அவனுக்கு மூன்று வயது, பேசினால் தமிழ்தான் வரும்.

படத்தின் கடைசியில் மழை கொட்டுகிறது, இரண்டு பையன்களும் ஊர் நடுவில் செதிலோடு நிற்கிறார்கள், சுற்றிலும் ஈட்டிகள். அப்போது ஜூலியாவின் அப்பா, ஒற்றைக் கை மீனவர், கடல் பூதத்தை வேட்டையாடிப் பிடிக்கத் துடித்துக்கொண்டிருந்த அதே ஆள், முன்னால் வந்து, இவர்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று பேர் சொல்லிச் சொல்கிறார். அங்கே என் அம்மா, “நம்ம அஜ்ஜி மாதிரி” என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, பேத்தி சொல்லச் சொல்லத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இது வரைக்கும் என் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அஜ்ஜியைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஜனவரியில், இன்டர்வெல் நேரத்தில் நாலைந்து பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு நம் கிளாஸில் யாரெல்லாம் தமிழ் என்று கேட்டார்கள். நான் பிறந்ததே இந்த ஊரில், என் கன்னடம் சுத்தமாக இருக்கும், என் பேரும் எந்த ஊருக்கும் பொருந்துகிற பேர். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். தருமபுரிப் பக்கம் சொந்த ஊர், இரட்டைச் சடை, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவாள், புளிச்சோறு கொண்டுவந்தால் எனக்கென்று தனியாக ஒரு பங்கு எடுத்து வைப்பாள். நான் அவளைக் கை நீட்டிக் காட்டினேன். அவளை யாரும் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். மத்தியானம் தண்ணீர்க் குழாய் பக்கத்துத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், நானும் போகவில்லை. பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை அவள் யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை.

படத்தில் இன்னொன்று. ஊரில் எப்போதும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு கிழவிகள் வருவார்கள், யாரும் கவனிக்க மாட்டோம். கடைசியில் அந்த மழையில் இருவரும் குடையைக் கீழே இறக்குகிறார்கள், பார்த்தால் அவர்களும் கடல் ஆட்கள். இத்தனை காலம் குடைக்கு அடியிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். என் அம்மா அழுதது இந்த இடத்தில்தான். 2016 செப்டம்பரில் திரும்பவும் காவிரிக்காக இங்கே தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தபோது, நான் ஆபீஸிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், அம்மா போன் பண்ணினார், எடுத்ததும் என்னிடம் கன்னடத்தில் பேசினார். பெற்ற தாய் மகளிடம். நானும் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். கன்னடம் எனக்கு ஒன்றும் அந்நிய மொழி இல்லை, நான் கனவு காண்கிற மொழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அன்று அதைக் குடை மாதிரிப் பிடித்தோம். எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற வள்ளுவர் சிலையே 1991-இலிருந்து 18 வருஷம் மூடிக் கிடந்ததுதானே. 2009 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள், அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையையும் திறந்தார்கள். அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, “துணி போர்த்தி இருந்தப்பவும் இவர் இங்கதான இருந்தார்” என்றார்.

கடிதம் எழுதிய வாசகருக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். தெரியாத ஆள் என்றால் யார் என்று நமக்குத் தெரியாதா? நாமேதான் அந்த ஆளாக இருந்திருக்கிறோமே. அப்படி இருந்துவிட்டு, இன்று கேட் வைத்த அபார்ட்மென்டில் குடியேறியதும் நாம் என்ன செய்கிறோம்? எங்கள் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் அசாம்காரர், அவருக்கு 10 வயதில் ஒரு பையன். ஊஞ்சல் இருக்கிற இடத்துக்கு வெளியாள் பிள்ளைகள் வரக் கூடாது என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டார்கள், நானும் அதற்குக் கட்டை விரல் போட்டவள். “அவங்க யாரோ என்னவோ, நீ போகாதே” என்று என் மகளிடமும் சொன்னேன். என் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

படம் பார்த்த மறுநாள் மகள் கேட்டாள், அவனையும் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா என்று. அவன் அப்பாவிடம் நானே இறங்கிப் போய்ப் பேசினேன். பையன் வந்தான், செருப்பைக் கழற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றான், கால் இரண்டையும் மிதியடியில் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தான். அம்மாதான் செருப்பை வாங்கி உள்ளே எங்கள் செருப்புகளோடு வைத்தார். அவன் அரசுப் பள்ளியில் கன்னட மீடியம். இங்கிலீஷ் வசனத்தை என் மகள் அவனுக்குக் கன்னடத்தில் சொன்னாள், தமிழ்ப் பிள்ளையும் அசாம் பிள்ளையும் கன்னடத்தில் கதை பேசிக்கொண்டு எங்கள் சோபாவில். போட்டி போட்டு நூடுல்ஸ் மாதிரி ஒன்றைத் தின்கிற காட்சியில் இரண்டும் கீழே விழாத குறை. மழை ஆரம்பித்ததும் மட்டும் அவன் காலைத் தூக்கிச் சோபாவின் மேல் வைத்துக்கொண்டான்.

அந்தக் குரூப்பில் என் கட்டை விரலை எடுத்துவிட்டு, அந்தப் பையன் விளையாடலாம் என்று எழுதினேன். நாலு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சிறுவர் பக்கம் வருகிறது. கோடை விடுமுறை தொடங்கும்போது இந்தப் படத்தைப் பற்றி அங்கே ஒரு நல்ல கட்டுரை போடுங்கள், பெரியவர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள், பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இடம் போதாது என்றால் மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பத்தியை மட்டும் அப்படியே போட்டுவிடுங்கள். உங்கள் பேப்பருக்குத் தருமபுரியிலும் வாசகர்கள் இருப்பார்கள். 1991-92இல் பெங்களூரில் மாகடி ரோடு பக்கம் ஏழாவது படித்து, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவள் யாராவது இதைப் படித்தால்: அன்று உன்னைக் கை நீட்டிக் காட்டியது நான்தான். உனக்குப் பின் பெஞ்சில் இருந்தவள். உன் புளிச்சோறு சாப்பிட்டவள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு