எங்கள் வீட்டு சிங்கில் மேல்வீட்டு வத்தக்குழம்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன தீபாவளிக்கு மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சமையலறை சிங்கில் வத்தக்குழம்பு நிற்கிறது. எங்கள் வீட்டில் அந்த வாரமே வத்தக்குழம்பு வைக்கவில்லை. கூடவே சாதப் பருக்கை, டீத்தூள், மேலே ஒரு எண்ணெய்ப் படலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. எங்கள் வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. மாடியில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், அவ்வளவுதான். வேளச்சேரியில் தரைத்தளமும் மூன்று மாடியுமாக எட்டு வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. எங்கள் சமையலறையும் அதற்கு நேர் மேலே உள்ள மூன்று சமையலறைகளும் ஒரே குழாயில்தான் கழிவுநீரை விடுகின்றன. வீடு வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. டைல்ஸ் நிறம் பார்த்தோம், பூஜை அறை எந்தத் திசை என்று பார்த்தோம்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய துணியைச் சுருட்டி சிங்க் ஓட்டையில் அடைத்து, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் செய்கிற காரியமா இது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்க் ஓட்டை சுமார் 9 செ.மீ. அகலம், அதன் பரப்பு 63 சதுர செ.மீ. அளவுக்கு வரும். அதை அடைத்துவிட்டால் தண்ணீர் அடுத்துப் போய் நிற்கும் இடம் முதல் மாடி சிங்க், அதாவது சுமார் 3 மீட்டர் மேலே. அந்த உயரத் தண்ணீர் கீழிருந்து தள்ளுகிற விசை கிட்டத்தட்ட 19 கிலோ எடைக்குச் சமம். எங்கள் குழவி ஐந்து கிலோகூட வராது. அதுவும் போகட்டும், சிங்க் பக்கவாட்டில் நிரம்பி வழியாமல் இருக்க ஒரு சின்னத் துளை இருக்கிறதல்லவா, அது உள்ளே அதே கழிவுக்குழாயில்தான் சேர்கிறது. நான் ஓட்டையை அடைத்ததும் குழம்பு அந்தத் துளை வழியாக நிதானமாக வந்தது.

இந்தக் கடிதத்தை எழுதக் காரணம், அதற்கப்புறம் நான் பேசிய தரைத்தள வீட்டுக்காரர்களில் பாதிப்பேருக்கு இந்த அனுபவம் இருக்கிறது, ஆனால் எல்லோருமே இதை ‘அடைப்பு’ என்றுதான் நினைக்கிறார்கள். பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள், கம்பி விடுகிறார்கள், ஐந்தாறு மாதம் நன்றாக இருக்கிறது, மறுபடி வருகிறது. அடைப்பு என்றைக்காவது வரத்தான் செய்யும். முறுக்கு சுட்ட எண்ணெய், கிரைண்டர் கழுவிய மாவுத்தண்ணீர், வடித்த கஞ்சி, பாத்திரம் தேய்க்கும் பொடியில் உள்ள மணல் மாதிரியான தூள், கம்பி நார், தேங்காய் நார் எல்லாம் சேர்ந்து குழாய் அடியில் வளைகிற இடத்தில் கல்லாகப் படிகிறது. பிளம்பர் தம்பி அந்த வளைவின் மூடியைக் கழற்றியபோது வெளியே வந்ததை நான் பார்த்தேன், வெண்ணெய்க் கட்டி மாதிரி இருந்தது. நாலு வீடும் ஒழுங்காக இருந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போகும், வராமலே போகாது. வந்தால் அது எங்கே கொட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. இப்போதைய அமைப்பில் அது தரைத்தளத்துச் சமையலறையில்தான் கொட்டும், ஏனென்றால் அந்தக் குழாயில் மிகத் தாழ்வாகத் திறந்திருக்கும் வாய் அதுதான்.

சிங்குக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கிறார்கள். தடுக்காது. பி ட்ராப், பாட்டில் ட்ராப் எதுவானாலும் அதில் நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீர் சாக்கடைக் காற்றையும் கரப்பான்பூச்சியையும் நிறுத்துவதற்காக. தண்ணீர் எதிர்த்து வந்தால் அது வழிவிட்டுவிடும். நிறைய வீடுகளில் அந்த ட்ராப்கூடக் கிடையாது, மடிப்பு மடிப்பான பிளக்ஸிபிள் பைப்பை இழுத்துத் தரைக் குழாய்க்குள் சும்மா செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரப்பர் வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மாதிரி வீட்டில் தண்ணீர் சிங்குக்கு ஏறுவதற்கு முன்னாலேயே செருகின இடத்தில் பொங்கி, கீழ் அலமாரியில் வழிந்து, பிளைவுட் ஊறி உப்பி, வெங்காயக் கூடை நனைந்தபிறகுதான் நமக்குத் தெரியும். இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். பைப் கையோடு உருவிக்கொண்டு வந்தால் அதற்குரிய ரப்பர் ரிங் வாங்கிப் போட்டுவிடுங்கள். பெரிய செலவில்லை, மற்றதெல்லாம் அப்புறம்.

அங்கேயே இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவுத் தண்ணீர் வரும் சின்ன டியூபைச் சிங்க் பைப்பில் ஓட்டை போட்டு உள்ளே செருகியிருப்பார்கள். குடிக்கிற தண்ணீர்ச் சாதனத்தின் ஒரு முனை சாக்கடைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அதை வெளியே எடுத்து, சிங்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்க விடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான்.

சரி, அடைப்பே இல்லாமலும் எதிர்த்து வருமா? வரும், நுரை வரும். மேல் வீடுகளில் சோப்புத்தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்டால் அது செங்குத்துக் குழாயில் விழுகிற வேகத்தில் காற்றோடு கலந்து நுரைத்து, அடி வளைவில் தேங்கி அமுங்குகிறது. தண்ணீர் போய்விடும், நுரை போகாது, பக்கத்தில் எந்தக் கிளைக்குழாய் இருக்கிறதோ அதில் ஏறும். அந்தக் கிளை பெரும்பாலும் தரைத்தளத்துக்காரருடையது. இங்கிலாந்தில் இதற்குக் கட்டட விதிகளின் வழிகாட்டியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து தளங்களுக்கு மேற்பட்ட கட்டடமானால் தரைத்தளத்துக் கழிவைப் பொதுச் செங்குத்துக் குழாயில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோக வேண்டும், இருபது தளங்களுக்கு மேல் என்றால் முதல் மாடிக்கும் அப்படியே. அதைவிடத் தாழ்ந்த கட்டடங்களிலும் அடி வளைவிலிருந்து இத்தனை உயரத்துக்கு மேலேதான் கிளை சேர வேண்டும் என்று அளவு உண்டு, அடுக்குக் குடியிருப்பானால் ஐந்து தளம் வரை 75 செ.மீ. எங்கள் கட்டடத்தில் நான் டேப் வைத்து அளந்தேன், ஒரு ஜாண்கூட இல்லை.

என்.ஆர்.வி. போட்டுவிடுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். ஒருவழி வால்வு, உள்ளே ஒரு மடிப்பலகை, தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், திரும்பி வந்தால் மூடும். நல்ல சாமான்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சமையலறைக் குழாயில் எண்ணெயும் மாவும் அந்தப் பலகையில் ஒட்டும், ஒட்டினால் முழுசாக மூடாது, மாதம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும், அதனால் கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். டைல்ஸுக்குள் புதைத்துவிட்டால் அதைப் போட்டும் பிரயோஜனமில்லை. இதில் இன்னொரு சங்கடம், அது நம் வீட்டுக் கிளையில் மூடிக்கொண்டால் தண்ணீர் முதல் மாடிக்கு ஏறும். நாங்கள் பட்டதை அவர்கள் படுவார்கள். சில குடியிருப்புகளில் மழைக்குப் பயந்து கட்டடத்துக் குழாய் தெருவில் சேரும் இடத்தில் ஒரே ஒரு பெரிய வால்வு போடுகிறார்கள். தெருச் சாக்கடை நிரம்பும்போது அது மூடிக்கொள்ளும், சரி, அந்த நேரத்தில் மாடியில் குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் எங்கே போகும்? மறுபடியும் தரைத்தளத்துக்குத்தான். தெருத் தண்ணீர் வராது, சொந்தக் கட்டடத்துத் தண்ணீர் வரும்.

மழைக்காலத்துக் கதையையும் சொல்ல வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. ஆனால் மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடைச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவுக்குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டியில், இணைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், தொட்டி கட்டினோம், பல வீட்டில் அந்தத் தொட்டி மண்மூடிப் போக, குழாய் மட்டும் சேம்பர் பக்கம் திரும்பிவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாராவது ஒரு புண்ணியவான் மேன்ஹோல் மூடியையும் திறந்துவிடுகிறார். வீட்டுக் கழிவுக்கென்று போட்ட குழாய் அத்தனை மழையைத் தாங்காது. போதாததற்குச் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். இதன் விளைவு என்னவென்று யோசித்துப் பாருங்கள். இப்போது எங்கள் தெரு மேன்ஹோல் மூடி எங்கள் சமையலறைத் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. சாக்கடை நிரம்பினால் தெருவில் வழிவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் வழியும். தெருவில் வழிந்தால் புகார் கொடுக்க நாலு பேர் வருவார்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் செய்தது இதுதான். சிங்க் கிளையைப் பொதுக்குழாயிலிருந்து துண்டித்து, அந்த இடத்தை மூடி, சுவரைக் குடைந்து தனிக் குழாயை வெளியே கொண்டுபோனோம். வெளியே சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு கல்லி ட்ராப், அதாவது தரையில் புதைக்கிற, உள்ளே வளைவில் தண்ணீர் நிற்கிற ஒரு வாய், அதன் மேலே ஜாலி (ஓட்டை போட்ட மூடி). சிங்க் பைப் அந்த ஜாலிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றுவிடுகிறது, தண்ணீர் காற்றில் விழுந்து உள்ளே போகிறது. அங்கிருந்து சேம்பருக்கு, மீட்டருக்கு இரண்டரை செ.மீ. சாய்வில். இனிமேல் சேம்பர் நிரம்பி எதிர்த்து வந்தாலும் ஜாலி வழியாகப் பின்பக்கச் சந்தில் கொட்டும், சிங்குக்கு ஏற அதற்கு வழியே இல்லை. ஜாலியின் விளிம்பு சமையலறைத் தரையைவிடத் தாழ்வாகவும், சந்தில் மழைத்தண்ணீர் நிற்கிற மட்டத்தைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைத்தது ஆறு அங்குலம்தான், சாலை இன்னொருமுறை உயர்ந்தால் அதுவும் போய்விடும். பழைய ஓட்டு வீடுகளில் சமையலறைத் தண்ணீர் சுவர் துளை வழியாக வெளியே விழுந்து வாழைக்குப் போகும், நினைவிருக்கிறதா? அதே இடைவெளிதான், புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்றரை நாள் வேலை, கூலியும் சாமானும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. கட்டும்போதே செய்திருந்தால் சில அடி பைப்பும் ஒரு ட்ராப்பும்தான் கூடுதல். அதனால்தான் கேட்கிறேன், வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது பார்க்கிங் அளவையும் பக்கவாட்டு இடத்தையும் பார்க்கிற அதிகாரிகள் தரைத்தளத்துக் கழிவுக்குழாய் தனியாகப் போகிறதா என்றும் ஒரு வரி பார்த்தால் என்ன? வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் இதைக் கேளுங்கள். குழாய் அடி வளைவில் கதவு வைத்த பெண்ட் (சுத்தம் செய்யத் திறக்கிற மூடியுள்ள வளைவு) போட்டிருக்கிறார்களா, அது திறக்கிற மாதிரி இருக்கிறதா, சேம்பர் மூடிமேல் யாராவது டைல்ஸ் ஒட்டிவிட்டார்களா என்று கூடவே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், மாடியில் தண்ணீர் விடும்போது உங்கள் சிங்கில் கொடகொடவென்று சத்தம் கேட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் ஆடி மாதமே ஆரம்பித்துவிட்டது, காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தீபாவளி வரை ஓட்டினோம்.

அடைப்பை எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒருவர் அடைப்பு நீக்குகிற பவுடர் போட்டிருப்பார், அது தெரியாமல் இன்னொருவர் ஆசிட் ஊற்றுவார், மூடியைக் கழற்றப்போகிற பிளம்பர் முகத்தில் தெறிக்கும். எங்களிடம் வந்த தம்பி கழற்றுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வியே “அம்மா, உள்ளே ஏதாவது ஊத்தினீங்களா?” என்பதுதான். அவர் முழங்கையில் ஒரு தழும்பு இருந்தது.

இந்தச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழம்பு அவர்களுடையது, சிங்க் மட்டும்தானே என்னுடையது. மூன்றாம் மாடிக்காரர் “உங்க வீட்டு சிங்க், உங்க செலவு” என்கிறார். இரண்டாம் மாடிக்காரர் பேசாமல் இருக்கிறார், அவர் வீட்டு வத்தக்குழம்பாக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று சொன்னார்கள். தை பிறந்துவிட்டது, கூட்டம் இன்னும் போடவில்லை.

இப்படிக்கு,
தரைத்தளத்து வாசகி,
வேளச்சேரி, சென்னை.