தேவ சித்தம் தேடும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கர்த்தருக்குள் மாமா எழுதுவது. போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பஸ் நிலையத்து இரைச்சல் ஒரு காரணம். நின்ற இடத்திலிருந்து சொல்லி முடிக்கிற பதிலும் அது இல்லை. பெயர் போடாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்றாய். இதே கேள்வியோடு தூக்கம் கெட்டுக் கிடக்கிற பிள்ளைகள் நம் சபைகளில் நிறையப் பேர்.

துபாய் வேலையை ஒப்புக்கொள்வதா, கோயம்புத்தூரிலேயே இருப்பதா? இரண்டில் எது தேவ சித்தம்? ஒரு வருடமாக ஜெபிக்கிறேன், உபவாசம் இருந்தேன், ஓர் அடையாளமும் கிடைக்கவில்லை மாமா என்றாய். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நீ எடுத்த வாக்குத்தத்த அட்டையில் 121ஆம் சங்கீதம் வந்ததையும் சொன்னாய்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." போக்கு என்று இருப்பதால் போகச் சொல்கிறாரா, வரத்து என்று இருப்பதால் ஊருக்கே வரச் சொல்கிறாரா என்று நீ கேட்டபோது உன் குரல் உடைந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. காப்பேன் என்று அவர் கொடுத்த வார்த்தை உன் கைக்கு வந்த பிறகு பாரமாகிவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

அந்த அட்டையை வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொள். போனாலும் காப்பார், இருந்தாலும் காப்பார் என்பதுதான் அந்த வசனம். விமான டிக்கெட் எடுக்கலாமா என்பதற்கு அதில் பதில் தேடாதே. சீட்டு எழுதிக் குலுக்கிப் போடவும் யோசித்ததாகச் சொன்னாய். அப்போஸ்தலர் சீட்டுப் போட்டது உண்மைதான். யூதாசின் இடத்துக்கு ஆள் தெரிந்துகொண்டபோது போட்டார்கள். ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் வந்த பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் எந்த இடத்திலும் அவர்கள் சீட்டுப் போட்டதாக எழுதியிருக்கவில்லை. பேசினார்கள், வாதாடினார்கள், வேத வாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். கடைசியில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதி அனுப்பினார்கள். "எங்களுக்கும்" என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் புத்தியை ஓரமாக வைத்துவிட்டு வா என்று தேவன் நம்மிடம் கேட்பதில்லை.

இனி கொலோசெயர் நிருபத்துக்கு வருகிறேன். நீ அதை ஒரே இருப்பில் வாசிக்க வேண்டும். நான்கு அதிகாரந்தான்.

அதை எழுதிய பவுல் கொலோசெ ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது துருக்கியில் இருக்கும் லைக்கஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லவோதிக்கேயாவுக்கும் எராப்போலிக்கும் பக்கத்தில் இருந்த ஊர் அது. அங்கே சுவிசேஷத்தைக் கொண்டுபோனவன் எப்பாப்பிரா. காவலில் இருக்கிற பவுல், பார்த்திராத அந்த ஜனங்களுக்காக ஓயாமல் செய்த ஜெபம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது: தேவனுடைய சித்தத்தை அறிகிற அறிவினாலே அவர்கள் நிரப்பப்பட வேண்டும், கர்த்தருக்குப் பிரியமாய் நடந்துகொள்ள வேண்டும், நற்கிரியைகளாகிய கனிகளைத் தர வேண்டும், தேவனை அறிகிற அறிவில் விருத்தியடைய வேண்டும். வரிசையைக் கவனித்தாயா? அறிவில் தொடங்குகிறது, நடக்கையில் இறங்குகிறது, கனியாகிறது, மறுபடியும் அறிவுக்கே வந்து சேர்கிறது. நடக்கிறவனுக்கு அறிவு வளர்கிறது. நடக்காமல் நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் காட்டும் என்று கேட்கிறவனுக்கு, முதலில் தெரிந்ததும் மங்கிப்போகிறது. "நடந்துகொள்" என்று நாம் சொல்வதில் காலும் இருக்கிறது, குணமும் இருக்கிறது. பவுல் அந்த இடத்தில் எழுதிய கிரேக்கச் சொல்லும் கால் நடையைக் குறிக்கிற சொல்தான். அறிவுக்கு அவர் எழுதியது எபிக்னோசிஸ். கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட நெருங்கின, பழகி வந்த அறிவு.

உன் ஆச்சி உனக்கு நினைவிருப்பாள். குழம்பு கொதிக்கும்போது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "உப்புக் குறைகிறது" என்று உள்ளே சத்தம் போடுவாள். வாயில் வைத்துப் பார்த்ததில்லை, ஆவியின் வாசனையிலேயே தெரியும். உன் அத்தை போய்ச் சுவைத்துப் பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும். ஐம்பது வருடம் தினமும் உலை வைத்த மூக்கு அது. எபிரெயர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துப் பார். நன்மை தீமை இன்னதென்று "பயிற்சியினால்" பகுத்தறிகிறவர்களைப் பற்றி அது பேசுகிறது. அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் மூக்குத்தான் ஞாபகம் வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்ட விதம் வெட்கப்பட வேண்டியது. உனக்குச் சொல்கிறேன்.

உன் பெரிய மாமாவும் நானும் நான்கு வருடம் பேசாமல் இருந்தோம். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் மத்தியானம் ஒரு வீடு, இராத்திரி ஒரு வீடு என்று உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அலைவாள். ஏன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிலத்தைப் பாகம் பிரித்தபோது கிணறு பொது. திங்கள், செவ்வாய், புதன் அண்ணன் முறை. வியாழன், வெள்ளி, சனி என் முறை. ஞாயிறு மோட்டார் ஓடாது. ஒரு கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. என் முறை நாளில் அண்ணன் காலை பத்து மணிவரை மோட்டாரை ஓடவிட்டார். நான் மோட்டார் அறையின் பூட்டை மாற்றிவிட்டேன். அவருடைய வாழை குலை தள்ளுகிற நேரம். அவர் வழக்குப் போடவில்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. வாழை காய்ந்தது.

அந்த நாட்களில்தான் நான் தேவ சித்தம் தேடிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, உம்முடைய சித்தத்தைக் காட்டும் ஆண்டவரே என்று விடியற்காலையில் மொட்டை மாடியில் முழங்காலில் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் அந்த மோட்டார் அறை தெரியும். இரண்டு வருடம் அப்படி ஜெபித்தேன். வானம் பித்தளையாக இருந்தது.

ஒருநாள் குடும்ப ஜெபத்தில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம். என் மகள் வாசித்தாள். காணிக்கையைச் செலுத்த வரும்போது "உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "இது பெரியப்பாவைச் சொல்கிறதா அப்பா?" என்று கேட்டாள். அந்த வசனத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! எனக்கு அவர்மேல் குறை உண்டு என்றுதான் அதுவரை வாசித்திருக்கிறேன். அவருக்கு என்பேரில் குறை உண்டு என்றல்லவா அங்கே எழுதியிருக்கிறது.

மறுநாள் காலையில் புதுப் பூட்டின் இரண்டு சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்தேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுக்குள் திரும்பி, "தம்பி வந்திருக்கிறான், காப்பி போடு" என்றார். மதினி கொண்டுவந்து வைத்த டம்ளர் எனக்கு முன்னால் ஆறிக்கொண்டே இருந்தது. அந்த வருடத்து வாழை போனது போனதுதான். அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து மாற்றலைப் பற்றி யோசித்தபோது எனக்கு அந்த ஊர் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் முகத்தில் விழிக்காமல் இருக்க ஓர் ஊர் தேடியிருக்கிறேன். அதற்குத் தேவ சித்தம் என்று பெயர் வைத்து இரண்டு வருடம் கர்த்தரிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். சாவி என் மடியில் இருந்தவரை இது எனக்குத் தெரியவே இல்லை, மருமகனே. கொடுத்த பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் அறிந்துகொள்வான் என்று யோவான் ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை அன்றுதான் உள்ளபடி வாசித்தேன்.

கொலோசெயர் நிருபத்தைக் கொண்டுவந்த தீகிக்குவுடன் கூட வந்தவன் யார் தெரியுமா? ஒநேசிமு. அந்த ஊர்ப் பிலேமோனின் அடிமை, எஜமானைப் பிரிந்து போனவன். நிருபத்தின் கடைசியில் பவுல் அவனை "உங்களிலொருவன்" என்று எழுதுகிறார். தேவ சித்தத்தை அறிகிற அறிவு வேண்டும் என்ற ஜெபம் சபையில் வாசிக்கப்பட்டபோது, பிலேமோனுக்கு அந்தச் சித்தம் மனித உருவத்தில் வாசலில் வந்து நின்றது. அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள், அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்று தனிக் கடிதம் வேறு. பிலேமோன் என்ன செய்தான் என்று வேதத்தில் இல்லை. அந்த வாசற்படியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை வளர்த்த டோனாவூர் நமக்குப் பக்கந்தான். அவருடைய கதையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அயர்லாந்திலே பிறந்த அவர் சீனாவுக்குப் போக ஆயத்தமானார், உடல்நிலை இடம் கொடுக்காது என்று தடுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பானுக்குப் போனார், நோயோடு கிளம்ப நேர்ந்தது. கொஞ்சநாள் இலங்கை. 1895இல் இந்தியா. இங்கே ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதுதான் தன் ஊழியம் என்று இருந்தவரிடம், 1901இல் தேவதாசி வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அதன் பிறகு வந்த பிள்ளைகளால் அவருடைய பயணங்கள் நின்றன. குழந்தைகளுக்குச் சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் ஊழியமாயிற்று. இந்தியாவுக்கு வந்தபின் 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூட அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. கல்லறையில் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றும், அதில் அம்மா என்று பொருள்படும் ஒரு சொல்லும் உண்டு. சீனாவுக்குப் போக அவர் கேட்டது தவறல்ல. ஆனால் வழி தெளிந்தது ஒரு குழந்தை கதவண்டை வந்தபோது.

இப்போது உன் விஷயம். துபாயா கோயம்புத்தூரா என்று அரை மணி நேரம் பேசினாய். நடுவில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அது ஒன்றுமில்லை என்பது போலத் தாண்டிப் போனாய்: செய்யாத வேலைக்கும் மணிக்கணக்கு எழுதி வாடிக்கையாளருக்குப் பில் அனுப்பச் சொல்கிறார்கள், நானும் எழுதுகிறேன், அங்கே எல்லாரும் செய்வதுதான் என்றாய். நீ அதைக் கேள்வியாகவே கேட்கவில்லை. எனக்கு அன்றிரவு முழுவதும் அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. துபாயைப் பற்றிக் கொலோசெயர் நிருபத்தில் ஒரு வரியும் இல்லை. இதைப் பற்றி மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது: "ஒருவருக்கொருவர் பொய் சொல்லாதிருங்கள்." இதற்கு உபவாசம் வேண்டாம், அட்டை வேண்டாம்.

எனக்குப் பயம் இல்லாமல் எழுதவில்லை. அந்தக் கணக்கை எழுத மாட்டேன் என்றால் மேலாளர் முகம் மாறலாம், வேலையே போகலாம். உன் வீட்டுக் கடன் எனக்குத் தெரியும். வேலை போனால் மூன்று மாதத் தவணையை நான் கட்டுகிறேன், உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் அதைச் செய்த பிறகு துபாயைப் பற்றி யோசி. இந்த அலுவலகத்திலிருந்து தப்பிப்பதற்காகப் போகிறாயா, செய்வதற்கு அங்கே ஒரு வேலை இருப்பதால் போகிறாயா என்பது அப்போது உனக்கே தெரியும். சம்பளத்தையும் சபையையும் அம்மாவின் முழங்கால் வலியையும் ஒரே தாளில் எழுதி வை. உன் போதகரிடமும், உன்னைப் புகழாத இரண்டு நண்பர்களிடமும் கேள். பிறகு முடிவெடு. எடுத்த முடிவில் தவறிவிட்டேனோ என்று நடுங்காதே. உன் போக்கையும் வரத்தையும் காக்கிறவர் அந்த அட்டையில் சொன்னதை உன் கணக்குப் பிசகினதற்காக மாற்றிவிட மாட்டார்.

எப்பாப்பிரா தன் ஊர்க்காரர்களுக்காக ஜெபத்தில் "போராடுகிறான்" என்று பவுல் எழுதுகிறார், அவர்கள் தேவனுக்குச் சித்தமான எல்லாவற்றிலும் தேறி நிலைநிற்க வேண்டுமென்று. அத்தையும் நானும் விடியற்காலையில் உன் பெயரை அப்படித்தான் சொல்கிறோம். அதே மொட்டை மாடிதான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பேசிவிட்டு எனக்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. அசனப் பண்டிகைக்கு வரும்போது பையை என் வீட்டில் வை, சாப்பாடு பெரிய மாமா வீட்டில். மதினி இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் மாமா