சிலையோட முதுகையும் கொஞ்சம் காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஆசியக் கலைப்பொருட்கள் கண்காட்சி பத்தி வந்த கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, ஆனா கவனிச்சீங்களான்னு தெரியல, அத்தனையும் முன்பக்கம் தான், சாமி சிலை, சீனத்து ஜாடி, திபெத்து ஓவியம்னு எல்லாமே பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேரா பார்த்துட்டு இருக்கு. உங்க போட்டோகிராபரைக் குறை சொல்லல, நானும் போய் பார்த்துட்டு தான் எழுதறேன், அங்க வெச்சிருக்கறதே அப்படித்தான். முக்கால்வாசி பொருள் சுவரோட ஒட்டின கண்ணாடிப் பெட்டிக்குள்ள, பின்னாடி ஒரு கருப்புத் துணி, எட்டிப் பார்த்தா செக்யூரிட்டி முறைக்கறாரு.

சோழர் காலத்து செப்புத்திருமேனியவே எடுத்துக்குங்க. கோயில்ல உற்சவரைப் பார்க்கறப்போ பட்டு, மாலை, நகை எல்லாம் போக நம்ம கண்ணுக்குத் தெரியறது முகமும் கையும் தான், முழுசா பார்க்கற சான்ஸ் மியூசியத்துல தான் கிடைக்குது, அங்கயும் முதுகு சுவத்துப் பக்கம்னா என்ன பண்றது. செஞ்ச ஸ்தபதி பின்பக்கம் தானேன்னு ஏனோதானோன்னு விடல. தலைக்குப் பின்னாடி தாமரை விரிஞ்ச மாதிரி சிரஸ்சக்கரம், தோள் மேல சுருள் சுருளா விழற முடி, முதுகுல குறுக்கா இறங்கற பூணூல், இடுப்புத் துணியோட முடிச்சு, எல்லாத்தையும் முதல்ல மெழுகுல செஞ்சிருக்காங்க. அது மேல மண்ணு பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளிய விட்டு, அந்தக் காலி இடத்துல உலோகத்தை ஊத்தி, கடைசில மண்ணை உடைச்சுத் தான் சிலையையே எடுக்கணும், அதனால ஒரு அச்சுக்கு ஒரே சிலை தான், இன்னொண்ணு வராது. பீடத்தைக் குனிஞ்சு பார்த்தா வளையமோ ஓட்டையோ இருக்கும், வீதி உலாவுக்குத் தண்டு கட்ட. இதைக் காட்டலைன்னா அது ஊரைச் சுத்தி வந்த சாமின்னு புதுசா பார்க்கறவங்களுக்கு எப்படிப் புரியும்? சில சிலைல அபிஷேகத்துலயே தேய்ஞ்சு தேய்ஞ்சு கண்ணு மூக்கு மழுங்கி இருக்கும், அதைப் பார்த்து பக்கத்துல நின்னவர் "வேலைப்பாடு சரியில்ல"ன்னுட்டுப் போறாரு! லேபிள்ல ஒரு வரி போட்டிருந்தா போதும்.

சோழர் சிலைன்னு இல்ல, திபெத்துல துணியில வரையற தங்கா ஓவியம் நிறையத்துல துணிக்குப் பின்னாடி ஓம், ஆ, ஹூம்னு மூணு எழுத்து இருக்கும், முன்பக்கத்துல தெய்வத்தோட நெத்தி, தொண்டை, நெஞ்சு எங்க இருக்கோ சரியா அதுக்குப் பின்னாடி. அதை எழுதி பூஜை பண்ணின அப்புறம் தான் அவங்களுக்கு அது வழிபாட்டுக்கு உரியது, அதுவரைக்கும் வெறும் படம். சீனப் பீங்கானைக் கவுத்துப் பார்த்தா அடியில எந்தப் பேரரசர் காலத்துல செஞ்சதுன்னு நீல மசியில எழுத்து இருக்கும், மிங் வம்சத்து ஷுவாந்த பேரரசர் ஆண்டது 1425ல இருந்து 1435 வரைக்கும் தான், ஆனா அவர் காலத்து முத்திரையைப் பின்னால வந்தவங்களும் தாராளமா போட்டுக்கிட்டாங்க, அதனால அந்த எழுத்தை அப்படியே நம்பவும் முடியாது, அதுவே ஒரு தனி சுவாரஸ்யம். ஜப்பான் வாள்ல கொல்லர் பேரு கைப்பிடிக்குள்ள மறையற இரும்புல வெட்டியிருக்கும், அங்க புடிச்ச துருவை யாரும் தேய்ச்சு எடுக்க மாட்டாங்க, வயசைச் சொல்றதே அந்தத் துரு தான்.

வெளிச்சம் பத்தலைன்னு கட்டுரைல எழுதியிருந்தீங்க, அதுல மட்டும் நான் உங்க கட்சி இல்ல. ஓலைச்சுவடி, பட்டு, காகித ஓவியம் இதுக்கெல்லாம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) அளவு தான் வழக்கம், வெளுத்தது வெளுத்தது தான், திரும்ப வராது. ஜப்பான்ல நாரா ஊர்ல ஷோசோயின்ங்கற பழைய கருவூலத்துப் பொக்கிஷத்தை வருஷத்துல இலையுதிர் காலத்துல ரெண்டு வாரம் சொச்சம் தான் ஜனங்களுக்குக் காட்டறாங்க, அதுவும் மொத்தத்துல ஒரு சின்னப் பகுதி. நம்ம கண்ணு இருட்டுக்குப் பழக அஞ்சு நிமிஷம் நின்னா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

எனக்கு நிஜமாவே கோபம் வந்தது லேபிள்ல தான். "தென்னிந்தியா, சுமார் 11ஆம் நூற்றாண்டு, வெண்கலம்." அவ்ளோ தான். தென்னிந்தியான்னா எங்க சார், எந்தக் கோயில், எப்ப வெளிய போச்சு, யார் வித்தாங்க? இதுவும் பொருளோட பின்பக்கம் தானே. ஆஸ்திரேலியா தேசிய கலைக்கூடம் 2008ல 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கின நடராஜர், கடைசில பார்த்தா அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல திருடினது, வித்தவர் காட்டின பேப்பரெல்லாம் போலி, 2014ல அவங்க பிரதமரே கொண்டு வந்து கொடுக்க வேண்டியதாப் போச்சு. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூசியத்துல 1967ல இருந்து ஒரு திருமங்கையாழ்வார் இருந்தாரு, புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரங்க 1957ல கும்பகோணம் பக்கத்துல சௌந்தரராஜப் பெருமாள் கோயில்ல எடுத்து வெச்ச போட்டோல அதே ஆழ்வார். இதைக் கேள்விப்பட்டதும் மியூசியமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லி, 2024ல திருப்பித் தர முடிவு பண்ணுச்சு. நேர்மையா சொல்றவங்களுக்கு மரியாதை கூடுதே தவிர குறையல.

திருட்டுன்னு தெளிவா சொல்ல முடியாத கேஸும் இருக்கு. இந்தோனேசியாவுல பெலிதுங் தீவுகிட்ட 1998ல கடல் அட்டை எடுக்க முங்கினவங்க கண்ணுல பட்ட கப்பல், ஆணியே இல்லாம கயித்தால தைச்ச அரபு நாட்டு ரகக் கப்பல், உள்ள சுமார் 60,000 சீனப் பாத்திரம், கிண்ணங்களைப் பெரிய ஜாடிக்குள்ள சுருளா அடுக்கி வெச்சிருந்திருக்காங்க, ஒரு கிண்ணத்துல கீறியிருந்த தேதி கி.பி. 826. அந்தப் பாத்திரங்கள்ல பெரும்பகுதி இப்ப சிங்கப்பூர்ல இருக்கு. ஆனா தனியார் கம்பெனி வியாபாரத்துக்காக வெளிய எடுத்ததுங்கறதால அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியம் 2011ல தன்னோட கண்காட்சியையே கைவிட்டுது. எடுத்திருக்கலாமா கூடாதான்னு இன்னைக்கும் சண்டை போடலாம், என்னைக் கேட்டா காட்டறது தப்பில்ல, கதையை மறைச்சுக் காட்டறது தான் தப்பு.

எல்லாத்தையும் ஹாலோட நடுவுல வைக்க இடம் இருக்காது, பாதுகாப்புப் பிரச்சனையும் இருக்கும், ஒத்துக்கறேன். பின்னாடி ஒரு கண்ணாடி வைக்கலாம், அதுவும் முடியலைன்னா லேபிள் பக்கத்துல முதுகு போட்டோ ஒண்ணு ஒட்டலாம், அதுக்கு என்ன பெரிய செலவு. அடுத்த இதழ்ல இடம் இருந்தா கண்காட்சிக்காரங்ககிட்ட கேட்டு நாலு பொருளோட பின்பக்க போட்டோவாவது வாங்கிப் போடுங்க சார், எந்த வருஷம் யார்கிட்ட வாங்கினாங்கன்னும் கூடவே கேளுங்க, பதில் வரலைன்னா வரலைன்னே போடுங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையோட பழைய வாசகர்