சனிக்கிழமை மியூசியம் போறோம்

வணக்கம் உறவுகளே. பேசி வச்சபடி இந்தச் சனிக்கிழமை யாங்கோன் தேசிய அருங்காட்சியகம். காலை 9.30க்கு பியே ரோடு வாசல்ல நில்லுங்க. அடையாள அட்டை மறக்காதீங்க. இந்தியாவிலிருந்து வந்திருக்கிற விருந்தாளிகளுக்கு டிக்கெட் விலை வேற.

முதல்ல பர்மாவோட கடைசி ராஜா திபா மன்னரோட சிங்க சிம்மாசனம். 1885ல வெள்ளைக்காரன் மாண்டலேயைப் பிடிச்சு ராஜாவை ரத்னகிரிக்கு அனுப்பினான். சிம்மாசனம் பிறகு கல்கத்தா போச்சு. 1948லதான் திரும்பி வந்துச்சு. அங்கே கிடந்ததால பிழைச்சது. 1945ல அரண்மனை எரிஞ்சப்போ மத்த சிம்மாசனமெல்லாம் சாம்பல்.

தச்சு வேலை தெரிஞ்சவங்க கவனிங்க: அது தேக்கு இல்ல, யமனே. நம்ம குமிழ மரம். கனமில்லாத மரம், உளிக்கு நல்லா இணங்கும். மேலே தங்கப் பூச்சு இருக்கிறதால மரம்னே தோணாது. அடியில வரிசையா இருக்கிற மாடங்களைக் குனிஞ்சு பாருங்க, ஒவ்வொண்ணுலயும் குட்டிச் சிங்கம்.

வீட்ல பழைய சாமான் இருந்தா படம் போடுங்க. எங்க தாத்தா செஞ்ச ஈஸி சேர்ல ஒரு ஆணி கிடையாது. துளை போட்டு, கழுந்து, அதாவது சீவின கட்டை முனையைச் செருகி, மூங்கில் முளை அடிச்சது. பிரம்புப் பின்னல் மட்டும் மூணு தடவை மாத்தியாச்சு.

எதையும் தொட வேண்டாம். போன தடவை ஒரு அண்ணன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து காவலர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார். பேர் சொல்லல, அவருக்கே தெரியும்.

வர்றவங்க வியாழன் ராத்திரிக்குள்ள எத்தனை பேர்னு இங்கேயே போடுங்க.