பதினோரு நண்டு

பாம்பன்,
ஆடி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போதுதான் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. இங்கே கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, விடாமல் அடிக்கிறது. தென்கடலில் யாரும் இறங்கவில்லை, வத்தைகளை, நம்ம சின்னப் படகுகளை, வடகடல் பக்கம் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலத்தில் ஓடுகிறது. மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கும் தொல்லை இனி உனக்கு இல்லை.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். இறைவன் இல்லையென்றே வைத்துக்கொண்டால் திருடுவதில் என்ன தப்பு என்று கேட்டானாமே! பையன் பிழைத்துக்கொள்வான். மார்க்கம் இல்லாத அறம் அஸ்திவாரம் இல்லாத வீடு என்று நீ பதில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது ஒப்பவில்லை.

நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா, கடவுள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். உங்கள் இஸ்லாத்திலும் இந்தச் சண்டை நடந்ததுதான். வேதம் வருமுன்பே அறிவால் நன்மை தீமை தெரியும் என்றார்கள் பஸ்ராவின் முஃதஸிலாக்கள் என்ற அறிவுவாத அறிஞர் கூட்டத்தார். அந்தக் கூட்டத்தில் படித்து வளர்ந்த அஷ்அரி என்ற அறிஞரே பிற்பாடு அவர்களை மறுத்துப் பிரிந்து போனார். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக முடியாத வழக்கை நீ ஒரு வரியில் முடித்துவிட்டாயே!

நம்ம ஊர் வள்ளுவரைப் பார். மேலுலகம் இல்லையென்றாலும் கொடுப்பதே நல்லது என்கிறார். இத்தனைக்கும் கடவுள் வாழ்த்தோடு தொடங்கியவர். நெற்றி நிறையத் திருநீறோடு மீனும் நண்டும் வாங்கும் எங்கள் வாடியில் ஒருவர் நண்டு எடை போடுகிறார். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ ‘கழிவு’ என்று தள்ளிவிட்டு, சாயங்காலம் கோயிலில் முதல் ஆளாய் நிற்கிறார். அவருடைய வீட்டுக்கு அஸ்திவாரம் பலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதை எழுதும்போதே அந்த நண்டு ஞாபகம் வந்து கையைப் பிடிக்கிறது. கல்லூரி விடுமுறையில் சித்தப்பாவின் வத்தையை எடுத்துக்கொண்டு நாம் இருவரும் போனோமே, அந்த இரவு. நம் வலையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் யாருடையதோ மிதவை, சிவப்புத் துணி கட்டியது. இழுத்துப் பார்த்தால் கண்ணிக்குக் கண்ணி நண்டு. பதினோரு நண்டைக் கழற்றினோம். கழற்றத் தெரியாமல் கால்களை ஒடித்தோம், நூலை அறுத்தோம்.

செய்தது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். தத்துவ வகுப்பில் ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டைப் படித்து முடித்திருந்த நேரம். நீ செய்வதை எல்லோரும் செய்தால் அந்தக் காரியமே நிற்குமா என்று பார் என்பார் அவர். நண்டு வலைக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. சாயங்காலம் வலையைக் கடலில் விட்டுவிட்டு வீட்டில் வந்து படுக்கிறோம், விடியற்காலம் போய் இழுக்கிறோம். இரவு முழுக்கக் காவல் கிடையாது. ஆளாளுக்கு அடுத்தவன் வலையைத் தூக்கினால் எவனும் வலை போட மாட்டான், திருடவும் ஒன்றுமிருக்காது. இவ்வளவும் தெரிந்துதான் நண்டுச் சாறு குடித்துவிட்டுத் தூங்கினேன்.

தூங்காதவன் நீ. விடிந்ததும் வந்து எழுப்பினாய். “தொழுது மன்னிப்புக் கேட்டுட்டியா, அப்புறம் என்ன?” என்று கிண்டலாகக் கேட்டேன். “அது அல்லாவோட கடன். இது அந்த ஆளோட கடன், அவர் மன்னிக்காம அல்லா மன்னிக்க மாட்டான்” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். சிவப்புத் துணி மிதவைக்குச் சொந்தக்காரப் பெரியவர் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நாம் அறுத்த கண்ணிகளைத்தான். நீ சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “நண்டு போனா நாளைக்கு வரும். வலைய ஏன்யா அறுத்தீங்க?” ஆளுக்கொரு ஊசியைக் கையில் கொடுத்தார். மதியம்வரை பொத்தினோம். உன் பொத்தல் அவருக்குப் பிடிக்கவில்லை, பிரித்து மறுபடி போடச் சொன்னார்.

அதனால் என் கட்சியை விட்டுவிடவில்லை. தப்பு எது என்று கண்டுபிடிக்க அறிவு போதும், அன்றைக்கு அது சரியாகத்தான் சொன்னது. எழுந்து நடக்க வைக்கத்தான் அதற்குத் தெம்பு போதவில்லை. உன் நம்பிக்கை என்னையும் சேர்த்து இழுத்துப் போனது. வாடிக்காரரின் நம்பிக்கை ஏன் அவரைத் தராசுப் பக்கம் இழுத்துப் போகவில்லை என்பதற்கு நீதான் பதில் எழுத வேண்டும். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. ஒருவேளை அந்தப் பெரியவரைப் போல யாரும் அவர் கையில் ஊசி கொடுத்ததில்லையோ என்னவோ.

காற்று குறைந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. பெரியவர் காலமாகிவிட்டார், அவர் மகன் அதே இடத்தில் உட்கார்ந்துதான் வலை பொத்துகிறான். வரும்போது கீழக்கரைத் தொதல் இனிப்பு வாங்கி வா. என் வீட்டுக்காரியிடம் மட்டும் கொடுத்துவிடாதே, எனக்குச் சர்க்கரை நோய் என்று ஒளித்து வைத்துவிடுவாள்.

உன்,
பாம்பன் மாப்பிள்ளை