வெற்றிலை விட்ட இடத்தில் என்ன வைப்பது: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

வெற்றிலையை விட்டால் இரண்டு நாளைக்கு மேல் தாங்க முடியுதில்லை என்கிறாய். சும்மா விடப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். விட்ட இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் மனே.

வெற்றிலைத் தட்டான வட்டா மட்டக்களப்பில் மரியாதைப் பொருள். அதனால் இதைக் கெடுதல் என்று நினைக்கவே நம் ஆட்களுக்கு மனம் வராது. “புகையிலையை மட்டும் விட்டால் போதும்” என்பார்கள். அது பிழை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் சொல்லிவிட்டது. பாக்கு கன்னத்தின் உட்சதையை நாராக்கி இறுக்கும். சுண்ணாம்பு, புகையிலையின் நிக்கொட்டினைக் கெதியாக உடம்பில் ஏற்றும்.

முதல் மூன்று நாளும் ஒன்றையும் குறைக்காதே. ஒவ்வொரு கூறு, அதாவது ஒரு வாய் வெற்றிலை, போடும்போதும் நேரம், இடம், பக்கத்தில் யார், அதற்கு முன் என்ன செய்தாய் என்று குறித்து வை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக வருவது தெரியும்.

சோறு தின்ற கையோடு போடுவது வாய் ருசிக்கு. கை கழுவப் போகும்போதே பல்லையும் துலக்கிவிடு. பற்பசையின் ருசி இருக்கும்வரை வாய் வெற்றிலை கேட்காது. வேலைத்தளத்திலும் ஒரு பிரஷ் இருக்கட்டும். இரவு வேலையில் போடுவது நித்திரையை விரட்ட. அதற்குப் பெருஞ்சீரகம் மென்று பயனில்லை. வேலைக்குப் போகமுன் ஒரு மணித்தியாலம் படு. கண் சொக்கினால் எழும்பி முகத்தைக் கழுவி ஐந்து நிமிடம் நட. சீனி போடாத பிளேன்டீ குடி. கூட்டாளிமார் நீட்டும்போது வாங்குவது மறுத்தால் மரியாதையில்லை என்பதற்காக. சட்டைப் பையில் வறுத்த கச்சான் வைத்திரு, அவர்கள் நீட்டமுன் நீ நீட்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். உறவும் கெடாது, வாயும் சும்மா இராது.

மாற்றாக டொபி வேண்டாம், பல் போய்விடும். சிகரெட்டுக்குத் தாவினால் அதே நிக்கொட்டின்தான். கராம்பு, புண்ணான வாயை எரிக்கும். கூறு விற்கிற கடை வழியே போகாதே, வேறு ஒழுங்கையால் போ.

எல்லாம் தயாரானதும், இரண்டு நாள் லீவு வரும்போது முழுதாக நிறுத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மிஞ்சிய ஒன்று மற்றதைக் கூப்பிடும். முதல் இரண்டு மூன்று நாள்தான் கடும் பாடு: தலையிடி, கோபம், நித்திரைக் குழப்பம். நீ கைவிட்ட இடமும் இதுதான். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் தணியும்; அதற்குள் இருக்கிற இடத்தை விட்டு எழும்பித் தண்ணீர் குடி.

புதுப் பழக்கம் ஊறக் காலம் எடுக்கும். 2009இல் வெளிவந்த ஒரு லண்டன் பல்கலைக்கழக ஆய்வில், 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சராசரி 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்றும் கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதி வரவில்லை என்பதும் அதிலே உண்டு. ஆகவே ஒரு நாள் பல் துலக்க மறந்தால், அடுத்த சாப்பாட்டோடு மறுபடி தொடங்கு. கல்யாண வீட்டில் ஒரு கூறு போட்டுவிட்டாலும் இதே கதைதான். “இனி என்ன” என்று முழுக் கட்டு வாங்கிவிடாதே.

இன்னுமொன்று. கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயை நன்றாகத் திற. உன் மூன்று விரலையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பார். போகாவிட்டால், கன்னத்தில் வெள்ளையோ சிவப்போ படை இருந்தால், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், உறைப்புப் பட்டதும் எரிந்தால், அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்கு உடனே போ. அங்கே காசு தேவையில்லை. இறுகிய சதை பிறகு முழுதாகப் பழைய நிலைக்கு வராது, ஆனபடியால் தள்ளிப்போடாதே. எத்தனை விரல் போகிறது என்று இந்தக் கிழமைக்குள் எனக்கு அறிவி.

அன்புடன்,
அம்மா
களுவாஞ்சிகுடி