ஆந்தையைக் கொஞ்சம் நகர்த்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், வீட்டில் நீ காய்ச்சும் பீருக்கு வரைந்து கூடவே அனுப்பிய லேபிள் படங்களும் வந்து சேர்ந்தன. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் ஒழுங்காக விடு. நீ மாத்திரையையே பாதியில் நிறுத்துகிற ஆள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் அறை காலியானதும் என் பீர் வாளிகள் அங்கே குடியேறிவிட்டன. வெயில் படாத அறை, வெப்பமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை, ஈஸ்ட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? லீவுக்கு வந்தால் பிள்ளை எங்கே படுப்பாள் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

சரி, லேபிளுக்கு வருகிறேன். மனதில் பட்டதை அப்படியே சொல் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மலை, மலைக்கு மேல் நிலா, நிலாவைச் சுற்றி, பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் கொடி, கீழே ஓர் ஆந்தை. திரையில் பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் பீரின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆந்தையின் காலடியில், கருநீலத்தின் மேல் கருஞ்சிவப்பில், ‘நள்ளிரவு’ என்று போட்டிருக்கிறாய். மரக்கலர் பாட்டிலில் இதை ஒட்டினால் ஆந்தைக்கே கண் தெரியாது.

லேபிள் யாருக்கு என்பதை முதலில் யோசி. இரண்டு மாதம் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே கையை விடுகிறவனுக்குத்தான் அது. பெரும்பாலும் அந்த ஆள் நீயாகத்தான் இருப்பாய். உள்ளே கறுத்த ஸ்டவுட் பீரும் இருக்கும், ஹாப்ஸ் தூக்கலான ஏல் பீரும் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி பாட்டில். எது எது, எப்போது அடைத்தது, எவ்வளவு காட்டம் என்று லேபிள்தான் சொல்ல வேண்டும். ஹாப்ஸ் வாசனை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும், அந்த ஏலைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். காட்டமான ஸ்டவுட் காத்திருந்தால் இன்னும் நன்றாகத்தான் ஆகும். தேதி இல்லாவிட்டால் இதில் எதுவும் தெரியாது. நீ அனுப்பிய மூன்று படங்களிலும் தேதிக்கு இடமே இல்லை.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே உருவம் போதும் என்கிறேன். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊரின் பாஸ் பீர் ஞாபகம் இருக்கிறதா? வெறும் சிவப்பு முக்கோணம். பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிகச் சின்னம் அதுதான், 1876 ஜனவரி 1. பிரெஞ்சு ஓவியர் மனே 1882-இல் வரைந்த பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில், கல்லா மேசை மேல் நிற்கும் பாட்டில்களில் அந்த முக்கோணம் இருக்கிறது. எழுத்தைப் படிக்கவே வேண்டாம், என்ன பீர் என்று தெரிந்துவிடுகிறது. உன் ஆந்தைக்கும் அந்த யோகம் உண்டு. ஆந்தையை மட்டும் வைத்துக்கொள், இரண்டு கண்ணும் அலகும் போதும். மலையையும் நிலாவையும் வேறு பீருக்கு எடுத்து வை.

அப்புறம் அளவு. லேபிளைத் தட்டையாகவே பார்த்து வரைந்திருக்கிறாய், பாட்டிலோ உருண்டை. 330 மில்லி நீளக்கழுத்து பாட்டிலின் சுற்றளவு 19 செ.மீ. பக்கம் வரும். எதிரே நின்று பார்க்கிறவனுக்கு அதில் பாதிதான் தெரியும், அந்தப் பாதியிலும் இரண்டு ஓரமும் ஒடுங்கிப் போய்விடும். நடுவில் ஆறு செ.மீ. தான் உருப்படியான இடம். பெயர், ஆந்தை இரண்டும் அதற்குள் அடங்கட்டும். மற்றதைப் பக்கவாட்டில் தள்ளு, வேண்டுகிறவன் திருப்பிப் படித்துக்கொள்வான். உயரத்துக்கு ஒரு தாள் துண்டைப் பாட்டிலில் சுற்றி, தோள் வளையத் தொடங்கும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள். அதற்கு மூன்று மில்லிமீட்டராவது கீழே லேபிள் முடிய வேண்டும். வளைவில் ஏறினால் எவ்வளவு தேய்த்தாலும் சுருக்கம் போகாது.

தமிழில் பெயர் வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்த எழுத்துருவை மாற்று. ‘ள்’ மேல் இருக்கிற புள்ளி இப்போதே ஊசிமுனை மாதிரி இருக்கிறது. அச்சில் மை கொஞ்சம் பரவும், புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது காணாமலே போகும். புள்ளி நன்றாக உருண்டு தனியாக நிற்கிற, கொஞ்சம் தடித்த எழுத்தாகப் பார். நம் எழுத்து அகலமானது, ஆறு எழுத்துப் பெயரே முன்பக்கத்தை அடைத்துவிடும். அதனால் பெயரைச் சுருக்கமாக வைக்கிறவன்தான் கெட்டிக்காரன். இன்னொரு விஷயம்: சில டிசைன் மென்பொருளில் தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடக்கும். சரியாகத் தெரிகிற இடத்தில் தட்டி, அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றிவிடு. தெளிவு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கட்டும். திரையில் தெரிகிற பளிச்சைத் தாளில் எதிர்பார்க்காதே, நிறம் ஒரு படி இறங்கித்தான் வரும்.

அச்சடிக்க வீட்டு இங்க்ஜெட் போதுமா என்று கேட்டிருந்தாய். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்ததும் அதற்கு வியர்க்கும், சாதாரண இங்க்ஜெட் மை அதில் கரைந்து வழியும். லேசரில் அடித்தால் டோனர் பொடி தாளோடு உருகி ஒட்டிவிடுகிறது, தண்ணீருக்கு அசையாது. தாள் சாதாரணத் தாளே போதும்.

ஒட்டுவதற்குப் பால். சிரிக்காதே, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் பழக்கமான வழிதான். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம்தான் பசை. லேபிளின் பின்பக்கம் தூரிகையால் பாலை மெல்லியதாகத் தடவு, காய்ந்த பாட்டிலில் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்து, வழிகிறதைத் துணியால் ஒற்றி எடு. காய்ந்த பிறகு வாடை இருக்காது. பாட்டிலை மறுபடி கழுவும்போது வெந்நீரில் போட்டால் தானாகக் கழன்று வரும், சுரண்ட வேண்டாம். ஒரே குறை, ஐஸ் வாளியில் வைத்தால் அங்கேயும் கழன்றுவிடும். விருந்துக்குக் கொண்டுபோகிற பாட்டிலுக்கு மட்டும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அடித்துக்கொள். அதன் பசையை எடுக்கச் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டியிருக்கும்.

அடைத்த அன்றே லேபிள் ஒட்டாதே. சர்க்கரை போட்டு மூடிய பிறகு பாட்டிலுக்குள் வாயு ஏற இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் ஏதாவது மூடி கசிந்தால் லேபிள் வீண். அதுவரை மூடியின் மேல் மார்க்கரால் ஓர் எழுத்தும் தேதியும் போதும்.

நான் இப்போது செய்கிற விதத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். சட்டமும் உருவமும் மாறாத ஒரே லேபிளை மொத்தமாக அடித்து வைத்துவிடுகிறேன். ஒரு மூலையில் வெள்ளைக் கட்டம். பெயர், வகை, அடைத்த தேதி, ஆல்கஹால் அளவு எல்லாம் அதில் பேனாவால் எழுதுகிறேன். கணக்கு உனக்குத் தெரிந்ததுதான்: அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.010 என்றால் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கு, 5.25 சதவீதம். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் அச்சிலேயே இருக்கிறது: ‘அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், குலுக்காமல் ஊற்றவும்.’ இதைப் போடாத காலத்தில் விருந்தாளிகள் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துக் குடித்துவிட்டு, பீர் ஏன் கலங்கல் என்று என்னைக் கேட்பார்கள். கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறதே என்று மகள் கேலி செய்கிறாள். வீட்டுச் சரக்கு என்று அதைப் பார்த்தால்தானே தெரியும்? கடை பாட்டில் போலவே இருக்க வேண்டும் என்றால் கடையில் வாங்கிவிடலாம்.

திருத்திய படத்தைச் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து, காலி பாட்டிலில் ரப்பர் பேண்டால் கட்டி, விளக்கைக் குறைத்து அறையின் அந்தக் கோடியிலிருந்து பார். புதுக்கண்ணுக்கும் ஒரு பரீட்சை ஆகட்டும். பெயர் தெரிந்தால் எனக்கு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பாலு

பி.கு.: ‘நள்ளிரவு’க்குப் பால் சர்க்கரை (லாக்டோஸ்) சேர்த்ததாக எழுதியிருந்தாய். அதை பீர் ஈஸ்ட் தின்னாது, அப்படியே உள்ளேதான் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் கூட்டத்தில் உண்டு. லேபிளில் வேறு எதற்கு இடம் இல்லாவிட்டாலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கு.